பதினோராம் மாடிக் குதிரைக்காரர்

அந்தக் கால அமெரிக்காவில் சுட்டுச் சாய்க்கப்பட்ட கொள்ளைக்காரர்களில் பாதிப்பேரைத் தீர்த்துக்கட்டியவர் எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடியில் தனியாகக் குடியிருந்தார். மீதிப் பாதியையும் அவரே முடித்திருப்பார். தயாரிப்பாளர்தான், இத்தனை பிணங்களையும் எங்கே படுக்கவைப்பது, ஸ்டூடியோவில் இடமில்லை என்று மறித்துவிட்டாராம். இவ்வளவு கொலைகளையும் அவர் செய்தது ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தால். அதில் 'டி' என்ற இங்கிலீஷ் எழுத்துத் தேய்ந்து, 'டெட்' என்ற சொல் சரியாக விழாமல், கடைசிக் காலத்தில் செத்தவர்கள் எல்லாரும் அரைகுறையாகவே செத்தார்கள்.

எங்களுக்கு அவர் குதிரைக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த தமிழ்ச் சனம் எல்லாருக்கும் அவர் குதிரைக்காரர்தான். ஐம்பதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிழமை தவறாமல் ஓடிய குதிரை, துப்பாக்கி, பாலைவனப் படங்களுக்கும், நாலைந்து சினிமாப் படங்களுக்கும் கதை வசனம் எழுதியவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடவேண்டும். அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது, அவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பதாகத்தான் என் காதில் விழுகிறது. அதைத் திருத்த எனக்கு மனமில்லை. கேட்கிறபடியே எழுதுகிறேன்.

அவரைக் கண்டுபிடித்தது பவளக்கா. பத்தாம் மாடியில் என் வீட்டுக்கு எதிர்வீடு. தனியாகக் கனடாவுக்கு வந்து சேர்ந்தவர். ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. கணவரைப் பற்றி அக்கா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நான் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். ஒரு மத்தியானம் அக்கா கதவைத் தட்டினார்.

"தம்பி, நித்திரையோ? ஒருக்கா எழும்பி வாரும். மேல குதிரை ஓடுது."

"என்ன ஓடுது?"

"குதிரை. முந்தநாளும் ஓடினது. இண்டைக்கு நிண்டு நிண்டு ஓடுது."

"அக்கா, மேல இருக்கிறது ஆக்கள். குதிரையை லிஃப்டில ஏத்தேலாது."

"ஏன் ஏலாது? போன மாசம் எட்டாம் மாடிக்கு ஒரு முழு ஆடு போனதை நான் என்ர கண்ணால கண்டனான்."

அக்காவின் வீட்டுக்குள் போய் நின்று பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. கூரைக்கு மேலே, வரவேற்பறையிலிருந்து குசினிப் பக்கமாக, சந்தேகமில்லாமல் ஒரு குதிரை. குசினியில் சற்று நின்றது. திரும்பி வந்தது. தூக்கக் கலக்கத்தில் எனக்கு அது ஆச்சரியமாகவே படவில்லை. கனடாவில் இதுவும் உண்டாக்கும் என்று நினைத்தேன். வந்த புதிதில் எங்களுக்கு எதுவும் நடக்கக்கூடியதாகத்தான் இருந்தது.

மேலே போய் மணியடித்தோம். நெடிய, ஒல்லியான ஒரு வெள்ளைக்காரர் கதவைத் திறந்தார். குளியல் அங்கிக்கு மேலே கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். இரண்டு கையிலும் ஒவ்வொரு மரக் கிண்ணம். சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், முகமெல்லாம் வெளிச்சமாகி, "கீழ கேட்டதோ? எப்பிடி இருந்தது? குதிரை எண்டு நம்பினியளோ?" என்றார்.

நான் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா யோசித்துவிட்டு, "குதிரைதான். ஆனா நொண்டுது எண்டு சொல்லும்" என்றார்.

அவர் முகம் விழுந்துபோனது. "நொண்டுதோ? கதாநாயகன் வாற குதிரை அது!"

குதிரைச் சத்தம் காதில் விழாமல் அவருக்கு ஒரு வரியும் எழுத வராது. வானொலி நாடகம் எழுதிப் பழகிய காலத்து வழக்கமாம். முதலில் கிண்ணங்களைத் தரையில் தட்டிக் குதிரையை ஓடவிட வேண்டும். அதன் வேகத்துக்கு வசனம் வரும். அடுத்த நாள் அக்கா நாலு சோடி தேங்காய்ச் சிரட்டையை வழவழவென்று சுரண்டி, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ஒரு சோடியை மேசையில் தட்டிப் பார்த்தார். கண்ணை மூடினார். மறுபடி தட்டினார். "நாற்பது வருசமா நான் கிண்ணத்தில எழுதியிருக்கிறன்" என்றார், வாழ்க்கையே வீணாகிப்போன குரலில்.

அன்றிலிருந்து அவர் குதிரைக்காரர்.

அவரைப் பற்றிச் சிவலிங்கண்ணை முதலில் வைத்திருந்த அபிப்பிராயம், பைத்தியத்துக்கு எங்கள் ஊரில் சொல்லும் ஒரே சொல்: "விசர்." சிவலிங்கண்ணை ஊரில் அரச நாடகங்களில் ராசாவாக நடித்தவர். இங்கே ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவினார். அதையும் ராசா மாதிரியே கழுவினார். ஒருநாள் அண்ணை, பவளக்கா, நான், குதிரைக்காரர் நாலு பேரும் லிஃப்டில் அகப்பட்டுக்கொண்டோம். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அப்படித்தான், நினைத்த இடத்தில் நின்று யோசிக்கும். அண்ணையின் கையில் ஒரு பை. பைக்குள் கருவாடு.

எங்களுக்கு வியர்த்தது. குதிரைக்காரருக்கோ கொண்டாட்டம்.

"ஒருத்தரும் மணியை அடிக்காதேங்கோ! இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒருத்தரும் வெளியில போகேலாது. ஒருத்தற்ற பையுக்குள்ள என்னவோ கிடக்கு. எல்லாருக்கும் மணக்குது. ஒருத்தரும் கேக்கினமில்லை. இந்த நிலைமையில பார்க்கிறவன் டிவியை நிப்பாட்டுவானோ?"

பிறகு ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கினார். உமக்கு என்ன வேணும்?

"வெளியில போகவேணும்," என்றார் சிவலிங்கண்ணை எரிச்சலோடு.

"அது எல்லாருக்கும் வேணும். உமக்கெண்டு என்ன வேணும்?"

நான் மொழிபெயர்த்தேன். அண்ணை பையை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "எனக்கு ஒரு மேடை வேணும்" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே இறங்கத் தொடங்கியது. குதிரைக்காரர் எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்து, காட்சி முடிந்தது என்பதுபோல ஒரு வணக்கம் வைத்தார்.

அந்தப் பனிக்காலத்து மத்தியானங்களை நான் அவருடைய வீட்டில்தான் கழித்தேன். பழைய குதிரைப் படங்களை ஒரு சானல் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தது. பல்கனிக் கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டும். உள்ளே தொலைக்காட்சியில் பாலைவனம். அன்ரனா சரியில்லாததால் அந்தப் பாலைவனத்திலும் பனி கொட்டும். நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். எது ஜன்னல், எது பெட்டி என்று சில நேரம் பிரியாது. ஒரு கொள்ளைக்காரன் குதிரையை விட்டிறங்கி, எங்கள் பல்கனியில் தொப்பியைத் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டு உள்ளே வருவான். குதிரைக்காரர் அவன் பேசுவதற்கு ஒரு விநாடி முன்னதாக அவன் வசனத்தை முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பில் நான் தூங்கிப்போவேன்.

விழித்திருந்த நேரங்களில் கதை கேட்டேன். நியூயோர்க்கில் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் நாடகங்களை நேரடியாகவே ஒளிபரப்புவார்களாம். பிழை விட்டால் விட்டதுதான். ஒருநாள் சுடப்பட்டு விழுந்து கிடந்தவர், தன்மேல் கமரா இல்லை என்று நினைத்து எழும்பி, சாண்ட்விச் ஒன்றை எடுத்துக் கடித்தபடி, அழுதுகொண்டிருந்த தன் மனைவிக்குப் பின்னால் நடந்துபோய்விட்டார். நாடு முழுவதும் பார்த்தது. குதிரைக்காரர் மேசைக்குக் கீழே தவழ்ந்துபோய், அழுகிற நடிகையின் காலைச் சுரண்டி, "புருசனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன் எண்டு சொல்லு!" என்றாராம். அதற்குப் பிறகு முன்னெச்சரிக்கையாக அவருடைய கதைகளில் சாகக்கூடிய எல்லாருக்கும் ஒரு இரட்டைச் சகோதரன் இருந்தான்.

பிறகு கலிபோர்னியாவுக்குப் போனார். கிழமைக்கு ஒரு குதிரைக் கதை. இவ்வளவு எழுதியவர் ஒருநாளும் குதிரையில் ஏறியதில்லை. ஏறுவது கிடக்கட்டும், கிட்டப் போனதில்லை. ஒருமுறை நாங்கள் தெருவில் போகும்போது குதிரைமேல் ஒரு பொலிஸ்காரர் எதிரே வந்தார். குதிரைக்காரர் என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் ஒளிந்துவிட்டார். அவர் ஆறடிக்கும் மேலே. நான் அவருடைய நெஞ்சளவு. குதிரை எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனது.

"உங்கட படத்தில எத்தினை குதிரை!"

"அதெல்லாம் கடுதாசிக் குதிரை. கடிக்காது."

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. படம் தொடங்கி எழுத்து ஓடும்போது, எழுதியவர் பெயர் வரும் நேரம் பார்த்து அவர் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கவென்று. ஒருநாள் அந்தப் பெயரைக் கவனித்துப் பார்த்தேன். அவருடையது இல்லை.

"இது ஆர்?"

"என்ர பல்லு டொக்டர்" என்றார் குசினியிலிருந்து.

ஐம்பதுகளில் அங்கே ஒரு விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டிருக்கிறது. உன்னுடைய சிநேகிதர்களில் யார் யார் கொம்யூனிஸ்ட், பெயரைச் சொல் என்றார்கள். சொன்னால் வீட்டுக்கும் போகலாம், வேலைக்கும் போகலாம். அவர் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து எந்தக் கம்பனியும் அவர் பெயரைத் தொடவில்லை. ஆனால் அவருடைய குதிரைகள் வேண்டியிருந்தன. அதனால் வேறு யாராவது ஒருவர் பெயரில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். மச்சான் பெயரில் கொஞ்சம், பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் கொஞ்சம், மிச்சமெல்லாம் பல் டொக்டர் பெயரில்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமே இல்லை. சிரிப்புத்தான் வந்தது, ஏனென்றால் பல் டொக்டருக்கு ஒரு விருது கிடைத்துவிட்டது. டொக்டர் மேடையேறி, எழுத்து என்பது தனிமை என்று கண்கலங்கப் பேசினாராம். நாளடைவில் தான்தான் எழுதுகிறேன் என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. குதிரைக்காரர் பல்லைக் காட்டப் போனால், வாய்க்குள்ளே கருவியை விட்டுக்கொண்டு, "போன கிழமைக் கதையில என்ர கடைசிக் கட்டம் கொஞ்சம் தொய்யுது" என்பாராம். வாயைத் திறந்தபடி இவர் என்ன மறுமொழி சொல்வது?

மனைவி ரொறன்ரோப் பெண். அவரோடு இங்கே வந்து, சின்னப்பிள்ளைகளுக்கான பொம்மலாட்ட நிகழ்ச்சிக்கு எழுதினார். பொம்மைகளும் இரட்டைப் பிறவிகள்தான். மனைவி இறந்தபிறகும் இங்கேயே இருந்துவிட்டார். யாரும் கேட்காமலே குதிரைக் கதைகளை எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் சிவலிங்கண்ணைக்கு மேடை கிடைத்தது. நகரின் கிழக்கே வோபர்னில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், ஞாயிறு பின்னேரம், கலைவிழா. அண்ணை வழக்கம்போல ஒரு ராசா நாடகம் எடுத்தார். ஒத்திகை தொடங்கியதும் சேனாதிபதிக்கு ஓவர்டைம் வந்தது. மந்திரி பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸ் வேலையோடு போய்விட்டார். கடைசியில் ராச்சியத்தில் ராசா மட்டும் மிஞ்சினார்.

குதிரைக்காரர் விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். "ஆக்கள் இல்லையோ? நல்லது. ஒரு வீடு. வெளியில புழுதிப் புயல். ஒருத்தரும் வெளிய போகேலாது. திங்கக்கிழமை தாறன்."

அந்தச் சனி ஞாயிறு முழுவதும் பதினோராம் மாடியில் குதிரைகள் ஓடின. இப்போது நொண்டவில்லை. கதை இதுதான். பாலைவனத்தில் குதிரைவண்டிப் பயணிகள் தங்கிப்போகும் ஒரு மடம். அதை நடத்துபவள் ஒரு விதவை. புயலில் ஒரு இளைஞன் வந்து ஒதுங்குகிறான். அவனைத் தேடி அதிகாரி வருகிறான். பயணிகள் எல்லாரையும் சுவரோடு வரிசையாக நிறுத்திவிட்டு, இவர்களில் யார், காட்டு என்று விதவையிடம் சொல்கிறான். அவள் காட்டவில்லை. அதற்குப் பதிலாக நீண்ட பேச்சு ஒன்று பேசுகிறாள். அதிகாரி வெட்கப்பட்டுப் போய்விடுகிறான்.

மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. ஷெரிஃப் என்ற சொல்லுக்கு அண்ணை, எங்கள் கிராமத்து அதிகாரியின் பெயரான 'விதானையார்' என்று போடச் சொன்னார். சலூனைச் சலூன் என்றே விட்டேன். ஒத்திகை பார்க்க வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, உவங்கள் ஏன் தலைமயிர் வெட்டுற இடத்தில போய்ச் சண்டை பிடிக்கிறாங்கள்?" அதைக் கள்ளுக்கொட்டில் ஆக்கினோம்.

பயணிகளுக்கு வசனமில்லை, அன்றைக்கு வேலையில்லாத கட்டடத்து ஆட்கள் போதும். விதவை, பவளக்கா. அந்த நீண்ட பேச்சை ஹோட்டலில் கட்டில் விரித்துக்கொண்டே பாடமாக்கினார். குதிரைக்காரருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் ஒத்திகையில் கண்ணை மூடி விரலால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று, "இந்த இடத்தில ஏதோ விட்டிட்டா" என்பார். பார்த்தால் ஒரு வரி விடுபட்டிருக்கும். அந்தப் பேச்சில் மட்டும் அவருக்கு அப்படியொரு பிடிவாதம். ஒரு சொல்லையும் குறைக்க விடமாட்டார்.

அறிவிப்பில் எழுதியவர் பெயர் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் பல் டொக்டரின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே திகைத்துப்போனார். "பழக்கம்" என்றார்.

"உந்தப் பல்லு டொக்டருக்கு எங்கட சனம் ஏன் கைதட்ட?" என்றார் சிவலிங்கண்ணை. "எங்கட குதிரைக்காரர் எண்டு நான் சொல்லுறன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று குதிரைக்காரர் கேட்டார். சொன்னேன். "நான் குதிரையில ஏறினதே இல்லையே."

"பறவாயில்லை எண்டு சொல்லு. நானும்தான் ராசாவா இருந்ததில்லை."

விழா நாள் வந்தது. மண்டபத்தில் வடை மணம், பிள்ளைகள் வரிசைகளுக்கு நடுவே ஓட்டம், பெரியவர்கள் நாடகத்துக்கு மேலால் கதை. அண்ணை ஒரு பெரிய தொப்பியும் பனிச் சப்பாத்துமாக விதானையார் வேடத்தில் வந்தபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. திரைக்குப் பின்னால் குதிரைக்காரர் சிரட்டையோடு உட்கார்ந்திருந்தார். குதிரை வந்து நின்றதும் கைதட்டல். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிறகு அண்ணை பயணிகளைச் சுவரோடு நிறுத்தினார். அக்காவைப் பார்த்துத் திரும்பினார். 'கையால் காட்டு' என்பது நான் எழுதிக் கொடுத்த வசனம். அண்ணை எந்த நாடகத்திலும் எழுதியதை அப்படியே சொன்னவர் இல்லை.

"கை காட்டவேண்டாம். வாயாலையும் சொல்லவேண்டாம். தலையை மட்டும் ஆட்டு, காணும்."

சிரிப்பு அப்படியே நின்றது.

எங்கள் ஊரில், சுற்றிவளைப்பு நாட்களில், ஆமிக்காரர் ஆண்களைப் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவன் தலையாட்டினால், முன்னால் நின்றவன் போய்விட்டான். அவனை நாங்கள் தலையாட்டி என்போம். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அப்படி ஒரு வரிசையில் நின்றவர்கள். மீதிப்பேர் வீட்டு வாசலில் காத்திருந்தவர்கள். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாய்மார் கையெட்டிப் பிடித்து மடியில் இருத்தியதை நான் திரை இடுக்கால் பார்த்தேன்.

பவளக்கா பேச வேண்டிய இடம். பேசவில்லை.

"மறந்திட்டா!" குதிரைக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எடுத்துக் குடு, எடுத்துக் குடு!"

எனக்கு முதல் வரி நுனிநாக்கில் இருந்தது. சொல்ல முடியவில்லை. அவரே இங்கிலீஷில் கிசுகிசுக்கத் தொடங்கினார். அக்கா திரும்பவில்லை. கழுத்து, முகம், கண் எதுவும் அசையவில்லை. இல்லை என்றுகூட அந்தத் தலை ஆடவில்லை. சிவலிங்கண்ணையையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த மேடையிலும் யாருக்கும் பணியாத சிவலிங்கண்ணை, கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் தாழ்த்தினார். தொப்பியைக் கழற்றினார். போய்விட்டார்.

"குதிரை" என்றேன் நான். "குதிரை, குதிரை!"

குதிரைக்காரர் சிரட்டையை எடுத்தார். குதிரை நொண்டி நொண்டித் தூரத்தில் மறைந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. "செத்துப்போச்சு" என்றார் அவர், எத்தனையோ நாடகங்களைப் புதைத்த அனுபவத்தோடு. அப்போது முன்வரிசையில் ஒரு குழந்தை, "அம்மா, இஸ் இட் ஓவர்?" என்று உரக்கக் கேட்டது. சனம் சிரித்தது, மூக்கைச் சிந்தியது, பிறகு கைதட்டியது. வெகுநேரம் தட்டியது.

வெளியே நடைபாதையில் ஒவ்வொருவராக வந்து குதிரைக்காரரின் கையைப் பிடித்தார்கள். பேப்பர்த் தட்டில் வடையை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கைநிறைய வடைத் தட்டுகளோடு, நடந்தது என்னவென்று விளங்காமல் அவர் நின்றார். தலையாட்டியைப் பற்றி நான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் தட்டுகளை மெல்ல ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

அக்கா வந்ததும், "மறந்ததோ, வேணுமெண்டு விட்டதோ எண்டு கேள்" என்றார்.

"மறக்கேல்லை" என்றார் அக்கா. "அந்த இடத்தில கதை வராது எண்டு சொல்லும் தம்பி. எங்கட இவரை வரிசையில விட்ட அண்டைக்கு நான் கேற்றடியில நிண்டனான். ஒரு சொல்லும் வரேல்லை."

தன் கணவரைப் பற்றி அக்கா சொல்லி நாங்கள் கேட்ட முதல் வார்த்தை அது. நான் மொழிபெயர்த்தேன். என் இங்கிலீஷ் அன்றைக்குப் போல ஒருநாளும் தடுமாறியதில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது இலேசாகப் பனி தூறத் தொடங்கியிருந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றின. குதிரைக்காரர் தன்பாட்டில் சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சு நாடகத்துக்கு எழுதியது இல்லை. விசாரணைக் குழுவின் முன்னால் வாசிப்பதற்கு எழுதியது. வாசிக்க விடவில்லை. மேசையில் சுத்தியலால் தட்டி, ஆளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தற்ற வாயிலையும் வைச்சுப் பாத்தன். விதவை, பாதிரியார், ஒருக்கா ஒரு குதிரைக் கள்ளன்ர வாயிலகூட. எங்கையும் சரியா இருக்கேல்லை. ஏனெண்டு இண்டைக்குத்தான் தெரியுது. அது அங்க தேவையில்லை." தோளில் விழுந்த பனியைத் தட்டினார். "ஆனா நல்ல பேச்சு."

நான் சொன்னதும் அக்கா, "நல்ல பேச்சுத்தானே" என்றார். "வேலையில நான் அதைச் சொல்லிச் சொல்லித்தான் கட்டில் விரிக்கிறனான். இனியும் சொல்லுவன்."

அதன்பிறகு அவர் ஒவ்வொரு பின்னேரமும் அக்கா வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வந்தார். அக்காவுக்கு இங்கிலீஷ் ஹோட்டல் அறைகளோடு முடியும். அவருக்குத் தமிழில் 'வடை', 'குதிரை', 'ஓம்'. கதவு திறந்திருந்தால் பேச்சுச் சத்தம் கேட்கும். அக்கா தமிழில் நீளமாக ஏதோ சொல்வார். அவர் "ஓம், ஓம்" என்பார். பிறகு அவர் இங்கிலீஷில் தொடங்குவார். எதைப் பற்றிக் கதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கப் போனால் இருவரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

தொண்ணூறுகள் முடியும்போது நாங்கள் கலைந்துவிட்டோம். சிவலிங்கண்ணை பிறம்ரனில் ட்ரக் ஓட்டினார். நான் வோபர்னுக்குப் போனேன். பவளக்கா மட்டும் அந்தக் கட்டடத்திலேயே இருந்தார். ஒரு மார்ச் மாதம் அவர்தான் போன் எடுத்தார். குதிரைக்காரர் ஆஸ்பத்திரியில் என்றார்.

நான் போனபோது அறையில் நிற்க இடமில்லை. பழைய கட்டடத்துச் சனம் பாதி அங்கே. யாரோ சூப் கொண்டுவந்திருந்தார்கள், யாரோ திருநீறு. குதிரைக்காரர் மெலிந்து, கண்ணை மூடிக் கிடந்தார். ஒரு நர்ஸ் வந்து, குடும்பத்தவர் மட்டும்தான் நிற்கலாம் என்றாள். ஒருவரும் அசையவில்லை. அவள் பெருமூச்சு விட்டு, என்ன உறவு என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினாள்.

"சிஸ்டர்" என்றார் பவளக்கா, ஹோட்டல் வேலைச் சட்டையைச் சரிசெய்தபடி.

நர்ஸ் அக்காவைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். கையிலிருந்த படிவத்தில் எழுதினாள்.

"பிரதர்" என்றார் சிவலிங்கண்ணை, ராசாவின் குரலில்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மருமகன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவசரமாக 'சன் இன் லோ' என்று இங்கிலீஷிலும் சொன்னேன்.

கட்டிலில் ஒரு கண் திறந்தது. "எனக்குப் பொம்பிளைப்பிள்ளை இருந்ததா ஞாபகமில்லையே" என்றார் மெதுவாக. நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். "பறவாயில்லை, எழுதுங்கோ. மருமகன்தான்."

அடுத்த கிழமை, ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டார். அந்த உறவை நான் இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.